டிக் நகரவில்லை

டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
பிப்ரவரி 10, 2022

கர்ட்டிஸ்,

ஈமெயிலில் என்னைத் தடுத்துவிட்டாய். போனிலும். நம் மென்பொருள் லூனின் குறை சொல்லும் பக்கத்துக்குப் போனால் 'உங்களுக்கு இங்கே எழுத அனுமதி இல்லை' என்று வருகிறது. அந்தப் பக்கத்தைக் கட்டியதே நான்தான் என்பது வேறு விஷயம். தபால்காரரைத் தடுக்கும் பொத்தானை நீ இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். விவாகரத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே, உன் நினைவு வந்து எழுதவில்லை.

எதிர் வீட்டு மார்லிஸ் கொஸ்கியை மறந்திருக்க மாட்டாய். நமக்குக் கல்யாணமான குளிர்காலத்தில் நம் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்தவள். கேஸ் கம்பெனியில் லாரிகளை அனுப்பும் வேலையில் இப்போதும் இருக்கிறாள், அல்லது போன மாதம் வரை இருந்தாள். ஏரிக்கரை வீடுகளில் எந்த டாங்க்கை எப்போது நிரப்ப வேண்டும் என்பது அவள் திரையில் ஒரு அட்டவணையாக ஓடும். டுலூத்தில் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. அந்த அட்டவணை லூன். நம் சமையலறை மேஜையில் நீயும் நானும் எழுதிய லூன். எந்த வெப்சைட்டிலும் சொருகிக்கொள்ளலாம், தலைப்பைத் தொட்டால் வரிசை மாறும், கட்டத்தில் டிக் அடித்தால் தேர்வாகும் என்று ஊரெல்லாம் பெருமையடித்தோமே, அதே லூன்.

ஜனவரியில் லண்ட் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போனது. மார்லிஸ் அந்தப் பெயருக்கு எதிரே டிக் அடித்தாள். போன் மணி அடித்தது, பேசினாள். திரும்பி வந்து 'நிறுத்து' பொத்தானை அழுத்தினாள். ஆனால் பட்டியலிலிருந்து போனது லண்ட் இல்லை, அதற்கு மேல் வரிசையில் இருந்த வெண்டல் லோஃப்கிரன். தனியாக இருந்த கிழவர். டாங்க் எப்போதும் நிறைந்திருக்கும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது, அதனால் அவர் அளவு முள்ளைப் பார்ப்பதே இல்லை. மைனஸ் முப்பத்தைந்து போன அந்த வாரத்தில், அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கேஸ் தீர்ந்து ஹீட்டர் நின்றுவிட்டது. வாசல் பெட்டியில் கடிதங்கள் பிதுங்குவதைப் பார்த்துத் தபால்காரர்தான் போலீசைக் கூப்பிட்டார்.

மார்லிஸ் தப்பான வரிசையில் டிக் அடித்தாள் என்கிறது கம்பெனி. அவளும் அப்படித்தான் நம்புகிறாள். அவள் சரியான வரிசையில்தான் அடித்தாள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அவள் போனில் இருந்த நேரத்தில் சில்வர் பே கிளையில் யாரோ கெட்டோலா என்று ஒரு புது வாடிக்கையாளரைச் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. கெட்டோலாவுக்குக் கீழே இருந்த பெயர்களெல்லாம் ஒரு படி இறங்கின. டிக் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஏனென்றால் லூன் ஆளைப் பார்த்து டிக் வைப்பதில்லை, எத்தனையாவது வரிசை என்று பார்த்து வைக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே வீட்டில் இருந்துகொண்டே இதை உனக்குக் குறையாக எழுதிப் போட்டேன், சாப்பாட்டு மேஜையில் சொன்னால் உன் காதில் விழாது என்பதால்.

ஏப்ரலில் மாநில அதிகாரி விசாரணை வைத்திருக்கிறார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம்: லூன் இப்படிச் செய்யும் என்று, உன் கையெழுத்தோடு. நான் எழுதினால் எடுபடாது. போட்டி அட்டவணை ஒன்றை வைத்திருக்கும் முன்னாள் மனைவி. கம்பெனியின் வக்கீல் என் பெயரைக் கேட்டதும் சிரித்தாராம்.

கிரெட்சன்

*

அல்புகர்க்கி, நியூ மெக்சிகோ
பிப்ரவரி 17

கிரெட்சன்,

லோஃப்கிரன் இறந்தது வருத்தமான விஷயம். ஒரு மனிதர் இறந்ததைத் தூக்கி என் தலையில் போடுவது அதைவிட வருத்தமான விஷயம்.

நீ எழுதியிருப்பது லூனின் பழுது இல்லை, லூனின் தன்மை. பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடையாள எண் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்று வழிகாட்டியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். டுலூத்தில் யாரோ அதைப் படிக்கவில்லை. படிக்காதவர்களுக்கெல்லாம் நான் பொறுப்பாக முடியாது. லூனை நான் சும்மா கொடுக்கிறேன். எந்த உத்தரவாதமும் கிடையாது என்று உரிமத்தின் முதல் பத்தியிலேயே இருக்கிறது, அந்தப் பத்தியை ஒட்டியது நீ.

இதை மாற்றினால் என்ன ஆகும் என்பதும் உனக்குத் தெரியும். வரிசை எண்ணை நம்பித் தங்கள் வேலையைக் கட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான சைட்டுகள் ஒரே நாளில் உடையும். லூனின் வெர்ஷன் எண்ணில் கடைசி எண் மட்டும் மாறும்போது யாருடைய சைட்டும் உடையாது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது நான் கொடுத்த வாக்கு. பன்னிரண்டு வருஷமாக அதை ஒரு முறைகூட மீறியதில்லை. நான் காப்பாற்றிய ஒரே வாக்கு அதுதான் என்று நீ கோர்ட்டில் சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது.

லூனிலிருந்து நீ பிரித்துக்கொண்டு போன உன் அட்டவணையை எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தேன். பாவமாக இருந்தது. லூன் ஒருவரைக் கொன்றது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுநாள் அத்தனை பேரும் எங்கே போவார்கள் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

நம் தொழிலின் வழக்கம் மாறவில்லை. மறுபடி நடத்திக் காட்ட முடியாத குறை குறையே இல்லை. முடிந்தால் நடத்திக் காட்டு.

கர்ட்டிஸ்

*

டூ ஹார்பர்ஸ்
பிப்ரவரி 22

கர்ட்டிஸ்,

நடத்திக் காட்ட வேண்டுமாம். ஒரு கிழவரைக் கூட்டி வந்து, மைனஸ் முப்பத்தைந்தில் உட்காரவைத்து, மறுபடி நடத்தவா?

சரி, உன் பாஷையிலேயே சொல்கிறேன். லூனில் ஒரு பட்டியலைப் போடு. நடுவில் ஒரு பெயருக்கு டிக் அடி. இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு மேலே ஒரு பெயரைச் சேர். திரும்பி வந்து டிக் யார் பக்கத்தில் நிற்கிறது என்று பார். இவ்வளவுதான். உன் வீட்டு நாய்கூடச் செய்யும்.

வழிகாட்டியில் தடித்த எழுத்தில் போட்டாயாம். ஏமாற்றுவதை இயல்பாக வைத்துவிட்டு, ஏமாறாமல் இருக்கும் வழியை மூன்றாம் பக்கத்தில் வைப்பவனை ஊரில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் குறையை நீ படித்துவிட்டு மூடியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அதை மூடியது உன் ரோபோ. ரொம்ப நாளாக யாரும் பேசாத குறைகளைத் தானே மூடுவதற்கு நீ வைத்திருந்த ரோபோ. 'ஆர்வம் காட்டியதற்கு நன்றி' என்று அது எனக்கு எழுதியது. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்லிஸ் தினமும் காலையில் இங்கே வருகிறாள். வழக்கமாக வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் உட்கார முடியவில்லையாம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு தனக்கு எதிராகவே சாட்சி தேடிக்கொண்டிருக்கிறாள். "கண்ணாடி மாத்தணும்னு போன வருஷமே டாக்டர் சொன்னாரு. நாந்தான் மாத்தல" என்கிறாள். ஒரு நாள் இரண்டு விரலை நீட்டி, மவுஸ் பிடிக்கும் கையில் நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இல்லை என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

லோஃப்கிரனின் அடக்கம் முடிந்து சர்ச் அடித்தளத்தில் சாப்பாடு. எல்லோரையும்போல மார்லிஸும் ஒரு பாத்திரம் நிறைய, கறியும் உருளைக்கிழங்குமாக ஹாட்டிஷ் செய்து கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, உட்காராமல் திரும்பிவிட்டாள். சாயங்காலம் அவள் வாசலில் அந்தப் பாத்திரம் இருந்தது. ஒரு கரண்டிகூடத் தொடாமல், மூடிய மூடியோடு. இந்த ஊரில் யாரும் யாரையும் வாய்விட்டுத் திட்ட மாட்டார்கள். உனக்குத் தெரியும்.

என் அட்டவணையை யாரும் எடுக்கவில்லை என்பது உண்மைதான். உன் வாடிக்கையாளர்கள் எனக்கு வேண்டாம். உன் லூன் வேண்டாம். உன் கையெழுத்து வேண்டும்.

கிரெட்சன்

*

அல்புகர்க்கி
மார்ச் 2

கிரெட்சன்,

நீ சொன்னபடியே செய்தேன். பட்டியல் போட்டேன், நடுவில் டிக் அடித்தேன், மேலே ஒரு பெயரைச் சேர்த்தேன். டிக் அந்தப் பெயரோடு சேர்ந்தே கீழே இறங்கியது. வேறு இரண்டு பிரவுசர்களிலும் பார்த்தேன். அதேதான்.

எனவே: நடத்திக் காட்ட முடியவில்லை. மூடுகிறேன்.

மார்லிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லவள்தான். ஆனால் நல்லவர்களும் தப்பான வரிசையில் டிக் அடிப்பார்கள். அவள் கண்ணாடியைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாய். தன் தப்பை ஒத்துக்கொள்ளும் நேர்மை அவளிடம் இருக்கிறது, அதையும் பிடுங்கி எடுத்து நீ என் மேல் எறியப் பார்க்கிறாய். நம் கல்யாணத்திலும் உன் வழி இதுதான். எது உடைந்தாலும் அதற்குக் கர்ட்டிஸ் ஒரு காரணமாக இருந்தாக வேண்டும், தண்ணீர்க் குழாய் உறைந்தால்கூட.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இதற்கு வேறு அர்த்தம் கற்பித்துக்கொள்ளாதே. அவள் 'நிறுத்து' அழுத்தியதும் ஒரு பெட்டி வந்திருக்குமே, சரியா என்று கேட்டு. அதில் என்ன எழுதியிருந்தது?

கர்ட்டிஸ்

*

டூ ஹார்பர்ஸ்
மார்ச் 9

கர்ட்டிஸ்,

'ஒரு வரிசை நீக்கப்படும். சரியா?' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. பெயரையும் காட்டலாம் என்று நான் சொன்னபோது, பெட்டி அசிங்கமாகிவிடும் என்று சொன்னவர் யார் என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அவள் ஒருவரை நிறுத்த நினைத்தாள், ஒரு வரிசை என்று அது சொன்னது, சரி என்று அழுத்தினாள். கண்ணாடி மாற்றியிருந்தாலும் அதையேதான் அழுத்தியிருப்பாள்.

உன் சோதனை ஏன் நடக்கவில்லை என்று சொல்லட்டுமா? நீ லூனை எழுதியவன். பட்டியல் போட்டதும் அந்த அடையாள எண் வரியை உன் கை தானாக எழுதிவிடும், பல் தேய்ப்பதுபோல. தன் வீட்டுக் கதவு எங்கே இடிக்கும் என்று தெரிந்தவன் குனிந்துதான் போவான். அந்த வரியை எடுத்துவிட்டு நடத்து. டுலூத்தில் வழிகாட்டியைப் படிக்காத பையன் நடத்தியதுபோல நடத்து.

பிறகு மூடு, உனக்கு மனசு வந்தால்.

கிரெட்சன்

*

அல்புகர்க்கி
மார்ச் 20

கிரெட்சன்,

நடந்தது.

அந்த வரியை நான் எழுதியிருந்தேன். எழுதியதே தெரியவில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தபோது டிக் நின்ற இடத்திலேயே நின்றது, பெயர் நழுவிக் கீழே போனது. பட்டியலில் நான் போட்டிருந்ததெல்லாம் பழங்களின் பெயர்கள். ஆப்பிளுக்கு அடித்த டிக் வாழைப்பழத்துக்குப் போனதையே நான் மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ சொன்னதும் இதே பழங்கள்தான் என்று நினைக்கிறேன்.

சரிசெய்துவிட்டேன். இனி லூன் ஆளைப் பார்த்துதான் டிக் வைக்கும். அடுத்த பெரிய வெர்ஷனில் போட்டு, யாரும் எடுக்காமல் மூன்று வருஷம் கிடக்கட்டும் என்று விடவில்லை. கடைசி எண்ணை மாற்றி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை போனது. யாரையும் கேட்காமல் எல்லா சைட்டுகளுக்கும் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும், டுலூத் பையனுக்கும். என் வாக்கை மீறினேன், உன் வார்த்தைக்காக. வின்னிபெக்கிலிருந்து ஒருவன் என்னைத் துரோகி என்று எழுதியிருக்கிறான். அவனுடைய ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பட்டியல் உடைந்துவிட்டதாம். எனக்குப் பணம் கொடுத்து உதவி கேட்கும் கம்பெனிகளில் ஒன்று விலகிக்கொண்டது. பன்னிரண்டு வருஷம் கட்டியதை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இடித்தேன்.

ஜெயித்துவிட்டாய். கொண்டாடு. இனி எழுதாதே.

கர்ட்டிஸ்

*

டூ ஹார்பர்ஸ்
மார்ச் 29

கர்ட்டிஸ்,

மடையா.

இதைவிட மரியாதையான வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கேஸ் கம்பெனி ஒரு நிபுணரைக் கூட்டிவந்தது. நான் சொன்ன சோதனையை மார்லிஸின் சொந்தக் கம்ப்யூட்டரில், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் செய்தார். லண்ட் மாதிரி ஒரு பெயருக்கு டிக். சில்வர் பேயிலிருந்து ஒரு புதுப் பெயர். டிக் அழகாக, சமர்த்தாக, அந்தப் பெயரோடு கூடவே இறங்கியது. திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். 'மென்பொருளில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நீ அனுப்பியது செவ்வாய்க்கிழமை. அவர் பார்த்தது அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயம் அந்தப் பழுதுதான். அதை நீ நாடு முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டாய்.

பழைய லூனை எடுத்துவந்து நான் காட்டினேன். "இது நீங்க மாத்தி எழுதினது இல்லன்னு நாங்க எப்படி நம்புறது மேடம்? உங்ககிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்காமே" என்றார் வக்கீல். ஜனவரியில் எந்த லூன் ஓடியது என்று டுலூத் பையனைக் கேட்டார்கள். எப்போதும் புதுசுதான் ஓடும் என்றான். உன் மாற்றக் குறிப்பையாவது காட்டலாம் என்று திறந்தேன். ஆறு வருஷத்துச் சண்டைக்கும் ஒரு சாவுக்கும் நீ எழுதியிருந்தது மூன்றே வார்த்தை: 'சிறு பழுதுகள் சரிசெய்யப்பட்டன.'

நான் உன்னிடம் சரிசெய்யச் சொல்லவில்லை. கடிதங்களை எடுத்துப் படித்துப் பார். சொல் என்று சொன்னேன். சொல்வதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் செய்வாய் நீ. வாயைத் திறப்பதற்குப் பதிலாகச் சுவரை இடித்துக் கட்டுவாய். இதற்கு நீ 'என் வாக்கை மீறினேன்' என்று தியாகி வேஷம் வேறு.

நிபுணர் போன பிறகு மார்லிஸ் என்னிடம் வந்தாள். கோபமே இல்லை. நிம்மதியாகக்கூட இருந்தாள், அதுதான் என்னைக் கொன்றது. "பாத்தியா, நாந்தான். இனிமே தேட வேண்டாம் கிரெட்சன்" என்றாள். அன்று சாயங்காலம் லோஃப்கிரனின் மகளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். விசாரணை முடியும்வரை எழுதாதே என்று கெஞ்சிப் பேனாவை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, டுலூத் நீதிமன்றக் கட்டடம், இரண்டாம் மாடி. இனி கையெழுத்து போதாது. வந்து வாயால் சொல்.

கிரெட்சன்

*

அல்புகர்க்கி
ஏப்ரல் 4

கிரெட்சன்,

அந்த நிபுணர் வருவார் என்று நீ எனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் காத்திருந்திருப்பேன். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள், இடம் இருந்தால்.

இங்கே ஒரு வக்கீலைப் பார்த்தேன். போகாதே என்றார். யாரும் கூப்பிடாமலே உள்ளே போய் 'எனக்குத் தெரியும்' என்று சொல்பவனைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருப்பார்கள் என்றார். லோஃப்கிரனின் குடும்பம், கேஸ் கம்பெனி, டுலூத் பையன், ஒவ்வொருவருக்கும் பழி போட ஒரு ஆள் வேண்டும். உரிமத்தில் இருக்கும் பத்தி என்னைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம் என்றார். எப்போது தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்ல? பழுது எனக்கு மார்ச்சில்தான் தெரிந்தது என்று சொல்லலாம். அது உண்மைதான், ஒரு விதத்தில். ரோபோ மூடியதை நான் படிக்கவில்லை என்றும் சொல்லலாம்.

படித்தேன். அன்றே படித்தேன். பக்கத்து அறையில் நீ துணி மடிப்பதும் கேட்டது. பதில் எழுதினால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும், அந்த வாரம் ஏற்கெனவே நீ நிறைய விஷயங்களில் சரியாக இருந்தாய். ரோபோ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஊர் பேர் தெரியாதவன் கேட்கும் கேள்விக்கெல்லாம் இவர் பதில் சொல்வார், எனக்குச் சொல்ல மாட்டார் என்று நீ நீதிபதியிடம் சொன்னாய். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. லூனைத் தவிர எனக்கு இங்கே எதுவும் இல்லை. காலையில் எழுந்து யாருடைய பட்டியல் எங்கே உடைந்தது என்று பார்ப்பேன், பச்சை மிளகாய்க் குழம்பைச் சூடு பண்ணுவேன், சாயங்காலம் மறுபடி பார்ப்பேன். நீ கேட்பது ஒரு வாக்குமூலத்தை இல்லை, இந்த வாழ்க்கையை.

வர மாட்டேன். மார்லிஸிடம் எதையாவது சொல்.

கர்ட்டிஸ்

*

டூ ஹார்பர்ஸ்
ஏப்ரல் 16

கர்ட்டிஸ்,

வர மாட்டேன் என்று எழுதிவிட்டு வந்தாய். ஒரு விஷயத்தையாவது நேராகச் செய்ய உனக்குத் தெரியாது. ஏப்ரலில் இங்கே பனி கொட்டும் என்பதையும் மறந்துவிட்டாயா, பாலைவனத்து மெல்லிய சட்டையோடு நின்றாய். நடுங்கியது குளிராலா என்று யாரும் கேட்கவில்லை.

நீ பேசியது நன்றாகவே இருந்தது. டிக் நகரவில்லை, பெயர்கள் நகர்ந்தன, மார்ச் வரைக்கும் அப்படித்தான் இருந்தது, எழுதினது நான், மாத்தினதும் நான் என்று அதிகாரியிடம் சொன்னாய். எப்போது தெரியும் என்று கம்பெனி வக்கீல் கேட்டார். கூரையைப் பார்த்தாய். "ஆறு வருஷமா. என் மனைவி சொன்னா" என்றாய். முன்னாள் மனைவி என்று வக்கீல் திருத்தினார். அதற்காக நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. நீ என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனதே எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மார்லிஸ் மேல் குற்றமில்லை என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார். கம்பெனி வேலையைத் திருப்பிக் கொடுக்கிறது. யோசிக்க வேண்டும் என்றாள். உன் பின்னால் இப்போது யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. வரட்டும். உனக்கு வக்கீல் இருக்கிறார்.

இதோடு இந்தக் கடிதத்தை முடித்திருக்க வேண்டும். ஆனால் அவளை நான்தான் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியில் நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

டுலூத்தைத் தாண்டியதும் அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. நைஃப் ரிவர் பக்கம் வரும்போது, "ஆறு வருஷம்னு சொன்னாரே உன் ஆளு" என்றாள். ஆமாம், அப்படிப்பட்ட ஆள்தான் அவன், இப்போதாவது ஒத்துக்கொண்டானே என்றேன். இன்னும் கொஞ்சம் உன்னைத் திட்டினேன், வாய்க்கு நன்றாக இருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ உனக்கும் ஆறு வருஷமாத் தெரியும்."

நான் குறை எழுதினேன், சண்டை போட்டேன், அது ஒத்து வராமல் தனியாக ஒரு அட்டவணையே எழுதினேன் என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது எனக்கு.

"அவர்கிட்ட சொன்ன. எங்கிட்ட சொன்னியா?" என்றாள். "இந்தப் பட்டியல் எங்க ஆபீசுக்கு வந்த அன்னிக்கே ரோட்டைத் தாண்டி வந்து சொன்னேன், இது நீங்க பண்ணதாமேன்னு. எனக்கு அவ்ளோ பெருமை. நீ சிரிச்ச, காபி குடுத்த. டிக் அடிச்சாலும் அழுத்துறதுக்கு முன்னாடி பேரை இன்னொரு தடவை பாத்துக்கோ மார்லிஸ், அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஜெயிக்கறதுலயே இருந்தீங்க. வெண்டல் பாவம், அவருக்கு உங்க ரெண்டு பேரையும் தெரியாது."

லூனை அன்றைக்கு நான் திட்டியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் நீ போயிருந்தாய், அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், நம்முடையது என்று யாரோ சொன்னது எனக்கும் நன்றாக இருந்தது. இதையெல்லாம் அவளிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அது உன் வழிகாட்டியின் மூன்றாம் பக்கம் மாதிரியே இருந்தது.

என் வாசலில் காரை நிறுத்தினேன். நன்றி சொன்னாள், இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுபோலவே. ரோட்டைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்றுக் காலையில் இரண்டு கோப்பை காபி ஊற்றிவைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. இன்றும் வரவில்லை.

பதில் எழுது, கர்ட்டிஸ். உன் கோபம் முழுவதையும் எழுது, நீ திட்டினால் திருப்பித் திட்ட எனக்குத் தெரியும். அவள் என்னைத் திட்டவே இல்லை.

கிரெட்சன்